ஆங்கிலம் அறிந்தார்க்கே உதவியோ?

பச்சைத்தோல் உருப்படிக் கணக்கில் கிடங்கிற்கு வருகிறது. பதனிட்டு முடிந்த தோல் சதுர அடிக் கணக்கில் விலையாகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் இதுவே வழக்கம். இவ்விரு கணக்கையும் கணினியில் இணைக்க விழையும் கணக்கர், மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திறந்து ‘அடிக்கணக்கு’ என்று தட்டினால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை என்னும் விடை, அதுவும் ஆங்கிலத்தில்! அவர் தேடிய செய்தியோ ‘யூனிட் ஆப் மெசர்’ என்னும் தலைப்பின்கீழ்ப் பூட்டிக் கிடக்கிறது.

இது அவருடைய அறியாமையா? தோலைத் தொட்டே தரம் சொல்பவர் அவர். எவரையும் கேளாமல் ஒருவர் தாமே கற்றுக்கொள்ளவே உதவிப் பக்கம் எழுதப்படுகிறது. இங்கோ அது ஆங்கிலம் அறிந்த ஒருவரின் மேசைமுன் அவரைக் கைகட்டி நிற்க வைக்கிறது. தொழிலறிவு இவரிடம், அதிகாரம் அவரிடம்!

‘ஆங்கிலம் படித்துக்கொள்ளட்டுமே’ என்பார் உளர். ஆங்கிலம் பேசுவோர் நிலைதான் என்ன? 1987-இல் பர்னாசு முதலிய அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுக்கு இருவர் தாமாகத் தேரும் பெயர் ஒத்துப்போவது ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு என்று தெரிந்தது. ஒரு செய்திக்குப் பல பெயர்களை வாயிலாக வைப்பதே அவர்கள் கண்ட தீர்வு. தம் மொழியினர்க்கே பல வாயில் தேவை என்று உணர்ந்தவர் நாட்டு மென்பொருள், தமிழர்க்கு ஒன்றேனும் திறந்ததா?

தமிழாக்கம் செய்தோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘அளவலகு மாற்றம்’ நல்ல தமிழ், ஐயமில்லை. ஆனால் கிடங்கில் நிற்பவர் அதனைத் தட்டமாட்டார். ‘அடிக்கணக்கு’ என்பார், ‘இசுகொயர் பீட்டு’ என்றும் தட்டக்கூடும். பிறசொல்லை உள்ளே விடுவதா என்று சினப்பவர், அது வாயிற்படியில் மட்டுமே நிற்கிறது என்பதை அறிக. விடை தமிழில் இருக்குமாயின், பிறசொல்லோடு நுழைந்தவர் தமிழ்ச்சொல்லோடு வெளியேறுவார். தூய தமிழ் பரவுவதற்கு இதனினும் நேர்வழி உண்டோ?

இன்னொரு தடையும் உண்டு. ‘தோல்’ என்று தேடினால் ‘தோலை’, ‘தோலின்’ ஆகியன ஒருவாறு சிக்கலாம், ‘தோற்கிடங்கு’ சிக்காது. லகரம் வல்லினத்தின்முன் றகரமாகும் என்பதை எழுத்தை மட்டும் ஒப்பிடும் பொறி அறியாது. ஆங்கிலச் சொல்லின் ஈறு களையும் முறையை மார்ட்டின் போர்ட்டர் 1980-இலேயே வெளியிட்டார். தமிழுக்கோ புணர்ச்சியும் வேற்றுமையும் தொல்காப்பியத்திலேயே வகுக்கப்பட்டுள்ளன! தமிழ் ஈறு களையும் நிரல்களையும் தன்னார்வலர் எழுதியுள்ளனர். அவற்றைத் தம் மென்பொருளில் சேர்க்காத விற்பனையாளர், தமிழில் தேட எவரும் இல்லை என்று கரணியம் கூறுவது என்ன முறை? கதவை அடைத்துவிட்டு வருவாரில்லை என்பதா?

மொழிஞாயிறு பாவாணர் இளமையில் பயின்றதும் பின் ஆசிரியராக இருந்ததும் ஆம்பூரில். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரான அவர், நூல்வழக்கோடு உலக வழக்கையும் சான்றாகக் கொண்டவர். அவர் வாழ்ந்த ஊரின் கிடங்குகளில் கணக்கரும் தொழிலாளரும் என்ன சொல்லால் வினவுகின்றனர் என்று முதலில் எழுதிக்கொள்ளட்டும், தமிழ் உதவிப் பக்கம் எழுத முனைவோர். தமிழ்நாட்டரசும் தான் வாங்கும் மென்பொருளுக்குத் தமிழ்வினாவிற்குத் தமிழில் விடை தருதலை விலைபேசும் முன்பே கட்டளையாக்கட்டும்.