7075-னு மட்டும் எழுதினா போதுமா?

"அலுமினியம் துருப்பிடிக்காது"னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதியிருக்கீங்களா? துருப்பிடிக்காது, சரி. அரிக்காதுன்னு யார் சொன்னது? புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில வைக்காதேன்னு எங்க நாட்டரசன்கோட்டை அப்பத்தாக்களுக்கே தெரியும். மேலே இருக்கும் ஆக்சைடு படலம்தான் காவல். புளிப்பு அதைக் கரைக்கும். உப்பு அதில் குழி தோண்டும்.

2024-ல் சுமார் 4% செம்பு. வலிமை உண்டு, ஆனா சீக்கிரம் அரிக்கும். அதனாலதான் விமானத் தகடுகளில் அதன்மேல் சுத்த அலுமினியத்தைப் போர்த்துறாங்க. மெக்னீசியம் சேர்ந்த 5083-ஓ கப்பலுக்கே போகுது.

கலவை எண் பாதிக் கதைதான். 7075-ஐ டி6 பதத்தில் எடுத்தா உச்ச வலிமை. ஆனா இழுவிசையோட உப்பு ஈரமும் சேர்ந்தா விரிசல் விடலாம். அதையே இன்னும் அதிகமா சூட்டில் பதப்படுத்தி டி73 ஆக்கினா, வலிமை 10-15% குறையும். விரிசல் பயமும் வெகுவா குறையும். ஒரே உலோகம், அடுப்புதான் வித்தியாசம்!

நாமோ டேட்டா ஷீட்ல பெரிய நம்பரைப் பார்த்து டி6-ஐ டிக் பண்றோம். வைவாவிலும் வலிமையைத்தான் கேக்கறாங்க. இத்தனைக்கும் அரிப்பையே ஆராயும் சிக்ரி, 1953-லிருந்து நம்ம காரைக்குடியில இருக்கு. உங்க ட்ரோன் தொண்டிக் கடற்கரையில பறக்கணும்னா, கலவை எண்ணுக்குப் பக்கத்துல பதத்தையும், அதை ஏன் எடுத்தீங்கன்னு ஒரு வரியும் எழுதுங்க.