பெட்ரோல் வாடை வீசும் கிணறு... மாதிரியை எதில் பிடிப்பது?

கேள்வி: ''கிணற்றுக்கும் சாலையோர பெட்ரோல் பங்குக்கும் இடையே ஒரு வரப்புதான். மூன்று மாதமாகத் தண்ணீரில் பெட்ரோல் வாடை. மாடுகள் வாய் வைக்க மறுக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும், நிழலில் உலர்த்திய மண்ணும் ஆய்வகத்தில் கொடுத்தோம். 'கண்டறியப்படவில்லை' என்று முடிவு வந்துவிட்டது. இப்போது பங்குக்காரர் அந்தத் தாளையே காட்டிப் பேசுகிறார். என்ன செய்யலாம்?''

பதில்: மாதிரி எடுப்பது இருக்கட்டும், முதலில் உயிர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணற்றின் அடியில் தேங்கி நிற்கும். எனவே தூர் வாரவோ, மோட்டாரைப் பார்க்கவோ யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கிணற்றுத் திட்டில் மோட்டாரும் சுவிட்சும் இருந்தால் இயக்க வேண்டாம், ஒரு பொறி போதும். அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்கப் பயன்படுத்தக் கூடாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் அந்த ஆவி அடுப்படிக்குள் வரும், அவ்வளவுதான்.

இனி அந்த அறிக்கைக்கு வருவோம். ஆய்வகத்தைக் குறை சொல்வதற்கு முன், அங்கே போய்ச் சேர்ந்தது என்ன என்று பார்க்க வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துப் பார்க்க மண்ணை நிழலில் உலர்த்தி, கலந்து, நான்காகப் பிரித்து எடுப்பது சரியான முறை. பெட்ரோலுக்கு இதைவிடத் தவறான முறை இல்லை. அதில் உள்ள பென்சீன் சாதாரண வெயிலிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். உலர்த்தியபோதே, தேடிய பொருளை விரட்டியாகிவிட்டது. பிளாஸ்டிக் பாட்டில் ஆவியை உறிஞ்சும், கசியவும் விடும். பாட்டிலில் காற்று இடம் இருந்தால் தண்ணீரில் உள்ளது அங்கே ஏறி, மூடியைத் திறந்ததும் போய்விடும்.

தண்ணீருக்கு, டெஃப்லான் பூச்சு மூடி போட்ட 40 மில்லி கண்ணாடிக் குப்பியை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். அதில் சில சொட்டு அமிலம் போட்டிருப்பார்கள், கழுவிவிடக் கூடாது. வாளியை வேகமாக இறக்கிக் கலக்காமல், மேல் மட்டத்துத் தண்ணீரை மெதுவாக எடுத்து, விளிம்பு ததும்ப நிரப்பி மூட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூட ஓடக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து உடனே அனுப்புவது நல்லது. அதிகபட்சம் 14 நாட்களுக்குள் சோதித்துவிட வேண்டும்.

மண்ணை, புதிதாகத் தோண்டிய ஆழத்திலிருந்து நேரடியாக, மெத்தனால் ஊற்றிய குப்பிக்குள் போட்டு அந்த நொடியே மூட வேண்டும்.

கசிவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைச் சொல்வது பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும் காற்றுதான். சுமார் 5 அடி ஆழத்துக்கு மெல்லிய குழாய் இறக்கி, மேற்புறத்தைப் பென்டோனைட் களிமண்ணால் அடைத்து, காற்றை மெதுவாக இழுப்பார்கள். அதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளே வெற்றிடமாக்கிய எஃகுக் கலன். ஈரம் என்று பார்க்காமல் வருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆனால் செலவு அதிகம், எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. இரண்டாவது, கரித்துகள் அடைத்த கண்ணாடிக் குழாய். அந்தக் கரி பெரும்பாலும் தேங்காய்த் தொட்டியிலிருந்து வருவது. காங்கேயம் பக்கத்து ஆலைகளில் தயாராகிறதே, அதே சங்கதிதான். குழாயின் முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50 மில்லிகிராம் கரி இருக்கும். முன்பகுதியில் சிக்கியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பின்பகுதியிலும் இருந்தால், கரி நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். அந்த அளவை நம்ப முடியாது. ஈரம் கரியின் பிடிப்பைக் குறைக்கும் என்பதால் மழை பெய்த மறுநாள் எடுக்கக் கூடாது. கசிவது டீசல் என்றால், அதன் கனமான ஆவி கலனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு டெனாக்ஸ் என்ற பிசின் குழாய் பொருத்தம். பெட்ரோலா, டீசலா என்பதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்வது இதனால்தான்.

எல்லா வாடைக்கும் கரி உதவாது. கோழிப்பண்ணை அமோனியாவை அமிலக் கரைசலில்தான் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மருந்துச் சாரலுக்கு நுரைப்பஞ்சு, கல் குவாரித் தூசுக்கு வடிதாள்.

மறந்துவிடக் கூடாத ஒன்று: திறக்காத குப்பி அல்லது குழாய் ஒன்றும் கூடவே போய்த் திரும்ப வேண்டும். அதிலும் பென்சீன் தெரிந்தால், வண்டியின் பெட்ரோல் வாடை கலந்திருக்கிறது. மேட்டுப்பக்கக் கிணறு ஒன்றிலும் மாதிரி எடுத்தால் ஒப்பிட வசதி. அறிக்கை வந்ததும், எந்த அளவு வரை கண்டறியும் கருவி என்று கேட்க வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் பார்க்க முடியாத கருவி 'இல்லை' என்று சொன்னால் மதிப்பில்லை.

வாசகர் தாமே எடுத்த மாதிரி, எவ்வளவு ஒழுங்காக எடுத்தாலும், 'நீங்களே ஊற்றினீர்கள்' என்ற ஒரு பேச்சில் அடிபட்டுப் போகும். எனவே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கும் மனு கொடுத்து, இரு தரப்பும் இருக்கையில் மாதிரி எடுத்து முத்திரையிடக் கோர வேண்டும். பங்கின் நிலத்தடித் தொட்டியில் தினமும் கோல் விட்டு அளந்து எழுதும் இருப்புப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லியும் அதே மனுவில் கேட்கலாம். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் எரிபொருள் குழாய்க் கசிவு போர்வெல்களில் தெரிந்தபோது, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மனுவில் வாடை தொடங்கிய தேதி, மாடுகள் குடிக்க மறுத்த நாள், பழைய மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. அந்த 'கண்டறியப்படவில்லை' அறிக்கைக்கு அதுவே பதில்.