நாக்கின் மேல் போட்ட பழி

‘படிப்பெல்லாம் இருக்கு, பேசத்தான் வரல.’ வேலை கிடைக்காத பட்டதாரியைப் பற்றிக் கல்லூரித் தாளாளர் இப்படிச் சொல்கிறார், எச்.ஆர். அதிகாரி சொல்கிறார், கடைசியில் பெற்றவர்களும் நம்பிவிடுகிறார்கள். உடனே கழுத்தில் டை, சாஃப்ட் ஸ்கில் வகுப்பு, அதற்குத் தனிக் கட்டணம்.

இந்த நம்பிக்கை பொய். 2022-இல் கேம்பஸில் தேர்ந்தெடுத்த சுமார் 2,000 பேரை இன்ஃபோசிஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காக்கவைத்தது. எல்லாரும் நேர்காணலில் பேசித் தேறியவர்கள்தானே? கையில் கடிதம் இருந்தது, வேலைதான் இல்லை. 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அதே நிறுவனம் வெளியே அனுப்பியது. சொன்ன காரணம், உள்தேர்வில் தேறவில்லை என்பது. பேச்சைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

அரசு வேலைப் பக்கம் வாருங்கள். 2024-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பத்தாம் வகுப்பு போதும் என்ற அந்தத் தேர்வுக்குப் பட்டதாரிகளும் முண்டியடிக்கிறார்கள். இருபது லட்சம் பேரும் கணீரென்று பேசக் கற்றாலும் 6,244 என்பது 6,245 ஆகிவிடாது.

பொறியாளர்களில் 80 சதவீதம் பேர் வேலைக்கு லாயக்கில்லை என்று ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் அறிக்கையை வெளியிட்டது ஆஸ்பைரிங் மைண்ட்ஸ். வேலை தேடுவோருக்கு ‘ஆம்கேட்’ என்ற கட்டணத் தேர்வை நடத்தியதும் அதே நிறுவனம்தான். நோயை அறிவிப்பவரே மருந்துக்கடையும் வைத்திருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பேச்சுத் திறன் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சோதிக்கப்படுவது பெரும்பாலும் ஆங்கில உச்சரிப்பு. ஒரு ஃபேஸ் போனதால் மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்று விவசாயிக்குப் புரியவைக்கும் பையன், ஆங்கிலத்தில் திக்கினால் ‘கம்யூனிகேஷன் வீக்’. அந்தக் காயிலைக் கையால் தொடாமலேயே ரெக்கார்டு நோட்டைக் காப்பியடித்துத் தேறியவனோ மூன்று நிமிடம் சரளமாகப் பேசுகிறான். சொல்வதற்கு விஷயம் இருந்தால் பேச்சு தானே வரும். அந்த விஷயத்தைத் தரவேண்டிய இடம் லேப். அங்கே கற்றுத்தர ஆள் வேண்டும்.

ஆளின் லட்சணம் தெரிந்ததுதான். ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்ற அமைப்பு அம்பலப்படுத்தியது. அப்படிப்பட்ட பேராசிரியரிடம் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், எந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்வார்? பயிற்சி யாருக்குத் தேவை என்பதை அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.