ஏரியைச் சுற்றி நடக்க யாருடைய உத்தரவு வேண்டும்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் பத்து மைல் நடந்தேன். பொதுக்கூட்டம் எதுவும் இல்லை. சந்தா வசூல் இல்லை. கையில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. முதல் நாள் இரவு பேளுக்குறிச்சியில் கிளைக் கூட்டம் முடிந்து ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தேன். விடியற்காலையில் எழுந்தேன். மலையடிவாரத்து ஏரி ஒன்றைத் தன்னந்தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

மத்தியானம் திரும்பி வந்ததும் வீட்டுத் தோழர் கேட்டார்:

"எங்கே போயிட்டீங்க தோழர்? யாரைப் பார்க்க?"

"யாரையும் பார்க்கப் போகவில்லை. சும்மா ஏரியைச் சுற்றி நடந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சர்க்கரை வியாதிங்களா? டாக்டர் நடக்கச் சொன்னாருங்களா?" என்றார்.

பக்கத்தில் மரவள்ளிக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிற தோழர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வேலைக்குப் போக வர நாங்க தினமும் நாலு மைல் நடக்கறோமுங்க. சும்மா நடக்கறதெல்லாம் வயிறு நெறஞ்சவனுக்குத் தானுங்க தோழர்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பஸ் ஏறிய பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதி, முதலாளிகளும் நிலச்சுவான்தார்களும் தலைமுறை தலைமுறையாக நம் காதில் ஓதிவைத்த பொய். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலையின் கிழக்குப் பக்கம் இறங்கும் தண்ணீர் ஆகாய கங்கையாக விழுந்து, ஐயாறாகி, புளியஞ்சோலை வழியாகத் திருச்சிப் பக்கம் போய்விடுகிறது. மேற்குப் பக்கம் இறங்கும் தண்ணீர் நம்முடையது. அது ஓடை ஓடையாக இறங்கி, கருவாட்டாறு போன்ற காட்டாறுகளில் சேர்ந்து வருகிறது. சேந்தமங்கலம் பக்கத்தில் பொம்மசமுத்திரம் ஏரி, எருமப்பட்டிப் பக்கத்தில் பழையபாளையம் ஏரி, நாமக்கல் அருகே தூசூர் ஏரி என்று பல ஏரிகள் அந்தத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. நான் சுற்றியது இவற்றில் ஒன்றல்ல, ஒரு சிறிய ஏரி. அதன் பெயரை இப்போது எழுதப் போவதில்லை. எழுதினால், பத்திரிகை உங்கள் கைக்கு வந்து சேருமுன் வேலி போட்டவருக்குச் சேதி போய்ச் சேர்ந்துவிடும்!

ஆம், வேலி. காலையில் கரைமேல் ஏறியபோது மனம் குளிர்ந்தது. ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம் மரவள்ளியும் சோளமும். தலைக்கு மேலே கொல்லிமலை. கரை உறுதியாக இருந்தது. அந்தக் கரையில் மண் சுமந்தவர்கள் யார்? 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் வெயிலில் கூடை தூக்கிய நம் ஊர்ப் பெண்கள். மதகைத் தாண்டி, கலிங்கைத் தாண்டி, ஏரியின் பின்புறம் தண்ணீர் ஓரமாகப் போகும் வண்டிப் பாதையில் இறங்கினேன். பாதித் தூரம் போனதும் பாதை நின்றுவிட்டது. கல்தூண், முள்கம்பி, உள்ளே புதிதாக வைத்த தென்னங்கன்றுகள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன்.

"இது வண்டிப் பாதைங்க. எங்கப்பன் காலத்துல சந்தைக்கு மூட்டை ஏத்திக்கிட்டு இதுலதான் வண்டி போகும். இப்ப கம்பி போட்டு மூணு வருசமாச்சு. கேட்டா பட்டா இருக்குதுங்கறாங்க."

"பட்டாவை யாராவது பார்த்தீர்களா?"

"நாம போய் எப்படிங்க கேக்கறது?" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் தோழர்களே, வேலியின் பலம் முழுவதும் இருக்கிறது. கம்பியின் பலம் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. நான் காட்டுக்குள் புகுந்து ஒரு மைல் சுற்றிக்கொண்டு போனேன். அந்தப் பெரியவரும் அவருடைய ஆடுகளும் மூன்று வருஷமாகத் தினந்தோறும் அப்படித்தான் சுற்றுகிறார்கள்.

திரும்பி வரும்போது கலிங்கடியில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வயது முப்பது இருக்கும். கட்சிக்காரன் என்று தெரிந்ததும் பேசினாள். பதினாறு வயதில் ஒரு நூற்பாலையில், ஆலைக்குள்ளேயே விடுதியில் தங்கி வேலை செய்யும் திட்டத்தில் சேர்ந்தவள். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். நம் மேற்கு மாவட்டங்களில் "சுமங்கலித் திட்டம்" என்று பெயர் கெட்டுப்போன அதே ஏற்பாடுதான்.

"விடுதி மாடியில நின்னா மலை தெரியுங்கண்ணா. ஞாயித்துக்கிழமை கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க. மூணு வருசம் தூரத்துல இருந்தே பார்த்துக்கிட்டிருந்தேன். இப்ப நெனச்சா இந்தக் கரையில வந்து உக்காந்துக்கறேன். அது போதும்னு இருக்குது."

சும்மா நடப்பது வயிறு நிறைந்தவனுக்கு என்று சொன்ன தோழரே, இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வோம்? மூன்று வருஷம் அவளுக்குக் குறைவாகக் கொடுத்த கூலியை மட்டும் கணக்குப் போட்டால் போதுமா? அவளிடமிருந்து பறித்த நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

இது நமக்கு மட்டும் வந்த கேள்வியல்ல. பஞ்சாலைகளின் தாய்வீடு என்று பெயர் பெற்றது இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பட்டணம். அந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் வாரம் முழுவதும் புகையிலும் பஞ்சுத் தூசியிலும் வெந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மலைக்காற்று வாங்கலாம் என்று போனால், மலைகளெல்லாம் பிரபுக்களின் வேட்டைக்காடு. வருஷத்தில் சில நாள் பறவை சுடுவதற்காக ஆயிரக்கணக்கான ஏக்கரை அடைத்துக் காவல் போட்டிருந்தார்கள். கால் வைத்தால் தடியடி.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பென்னி ராத்மன் என்ற 20 வயதுக் கம்யூனிஸ்ட் வாலிபரின் தலைமையில் சுமார் நானூறு பேர் திரண்டார்கள். கிண்டர் நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே நடந்து, தடை போட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேல் ஏறினார்கள். பிரபுவின் காவலாட்கள் தடிகளோடு வந்தார்கள். கைகலப்பு நடந்தது. ஆனாலும் ஊர்வலம் மேலே போயிற்று. இறங்கி வந்ததும் போலீஸ் பிடித்தது. ஐந்து வாலிபர்களுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். அப்போதிருந்த மரியாதைக்கார நடைச் சங்கங்கள்கூட இந்தக் காரியம் கூடாது என்றே சொல்லிவந்தன.

என்ன நடந்தது? சிறைக்கதவு மூடியது; கேள்வி மூடவில்லை. 1949-ல் அந்நாட்டில் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்கும் சட்டம் வந்தது. 2000-ல் வந்த இன்னொரு சட்டம் மேட்டு நிலங்களிலும் பொது நிலங்களிலும் ஜனங்கள் நடக்கலாம் என்று உரிமை கொடுத்தது. 2002-ல் அந்த நடையின் 70-ஆம் ஆண்டு விழாவுக்கு, 1932-ல் மலைக்குச் சொந்தக்காரராக இருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரனே வந்து, தன் பாட்டனார் செய்தது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க ராத்மன் உயிரோடு இல்லை. அதே வருஷம் ஜனவரியில் காலமாகிவிட்டார். பிரபு வம்சம் மன்னிப்புக் கேட்க எழுபது வருஷம் ஆயிற்று. ஆனால் கேட்டது!

கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை. நம் தேசத்தில், 1927 மார்ச் 20-ல், மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு சவுதார் குளத்துக்கு நடந்து போனார். தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். மாடு குடிக்கலாம், மனிதன் குடிக்கக் கூடாது என்றிருந்த குளம் அது. மக்களை அடித்து நொறுக்கினார்கள், குளம் தீட்டுப்பட்டதென்று சாணியும் கோமியமும் ஊற்றிச் சடங்கு செய்தார்கள், வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1937-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் மேல்ஜாதியார் தோற்றார்கள். ஒரு குளக்கரைக்கு நடந்து போவது எவ்வளவு பெரிய அரசியல் என்று இதைவிட யார் நமக்குச் சொல்லித்தர வேண்டும்? நம் ஊர்களிலும், எந்தத் தெரு ஜனங்கள் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்று கட்டு வைத்திருந்த காலத்தை நம் பாட்டிமார் மறந்துவிடவில்லை.

ஆகவே நடப்பதற்கு முதலில் பாதை வேண்டும். இரண்டாவது என்ன வேண்டும்? நேரம் வேண்டும்.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, மிச்சமுள்ள எட்டு மணி நேரம் தொழிலாளியின் சொந்த இஷ்டத்துக்கு. இந்தக் கோரிக்கைக்காகத்தான் 1886-ல் சிகாகோவில் ரத்தம் சிந்தினார்கள். 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைப் பாருங்கள்! அதில் தொழிலாளி என்ன செய்ய வேண்டும் என்று எவனும் கேட்கக் கூடாது. படிக்கலாம், பாடலாம், சங்கத்துக்குப் போகலாம், ஏரிக்கரையில் உட்காரலாம். அது அவனுடையது, அவளுடையது.

கிடைத்த நேரம் தானாக நிலைத்து நிற்குமா? நிற்காது. 2023 ஏப்ரல் 21-ல், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே, வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே முதல் தேதி வாபஸ் என்று அறிவித்தார்கள். சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக நூறு வருஷம் நிறைந்த அதே நாளில்! நூறு வருஷம் கழிந்தும் அதே எட்டு மணி நேரத்துக்குக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. முள்கம்பி ஏரிக்கு மட்டும் போடுவதில்லை, கடிகாரத்துக்கும் போடுகிறார்கள்.

இப்போது என் தோழரின் பேச்சுக்கு வருகிறேன். வேலைக்கு நாலு மைல் நடப்பவனுக்குச் சும்மா நடக்கத் தெம்பு எங்கே என்பது உண்மை. கூலி உயராமல், வேலை நேரம் குறையாமல், அந்தத் தெம்பு வராது. அதனால், நடப்பது நமக்கு வேண்டாத ஆடம்பரம் என்று விட்டுவிட வேண்டுமா? வயிறு நிறைந்தவனுக்கு மட்டும் என்று ஒரு காலத்தில் எதைத்தான் சொல்லவில்லை? படிப்பை அப்படிச் சொன்னார்கள். காலில் செருப்பை அப்படிச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் நாம் வாங்கினோம்.

தன்விமர்சனமும் செய்துகொள்கிறேன். எத்தனையோ வருஷமாகக் கோரிக்கை மனு எழுதுகிறேன். கூலி, போனஸ், பஞ்சப்படி எல்லாம் எழுதியிருக்கிறேன். விடுதிப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திற என்று ஒரு வரி எழுதியதில்லை. இன்னொன்று: நான் ஆண்பிள்ளை. பத்து மைல் தனியாக நடந்தேன். டாக்டர் சொன்னாரா என்று கேட்டதோடு சரி. அந்தப் பெண் தனியாக அந்த ஏரியைச் சுற்றினால் ஊர் என்ன கேட்கும்? அந்த வேலியைப் போட்டவர்கள் வெளியே இல்லை. நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் "அ" பதிவேட்டையும் புலப்படத்தையும் கேளுங்கள். ஏரி எத்தனை ஏக்கர், வண்டிப் பாதை எங்கே போகிறது என்பது அதில் இருக்கும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஏரியை அளந்து எல்லை குறிப்பது சர்க்காரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கேட்காதவனுக்குச் சட்டம் வாய் திறக்காது. "நாம போய் எப்படிங்க கேக்கறது" என்ற பெரியவரை நடுவில் நிறுத்தி, இருபது பேராகப் போய்க் கேளுங்கள்.

மே முதல் தேதி, கிராம சபை கூடும் நாளும்கூட. காலையில் கொடியேற்றுவோம். கிராம சபையில் வண்டிப் பாதையைத் திறக்கத் தீர்மானம் கொண்டுவருவோம். வெயில் தாழ்ந்ததும் கூலித் தோழர், ஆலைத் தோழர், அந்தப் பெண், பெரியவர், அவருடைய ஆடுகள் எல்லோரும் சேர்ந்து ஏரியை ஒரு சுற்று நடப்போம். யாராவது வழிமறித்து, என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று கேட்டால், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்:

"சும்மா நடக்கிறோம். எங்கள் ஏரி!"