அந்த 0.0175 எங்கேருந்து வந்துச்சு?

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் பதில் தெரியாம முழிச்ச அனுபவம் உண்டா உங்களுக்கு? எங்க டீமுக்கு இருக்கு. போன செமஸ்டர்ல நடந்தது, காயம் இன்னும் ஆறலை.

ஹாஸ்டல் மொட்டைமாடி டேங்க்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு அல்ட்ராசோனிக் சென்சார் வெச்சு அளக்கிற மினி ப்ராஜெக்ட். பெரிய வித்தை எல்லாம் கிடையாது. டேங்க் மூடியில மாட்டின சென்சார் கீழே ஒரு ஒலியை அனுப்பும். அது தண்ணியில பட்டுத் திரும்பி வர எத்தனை மைக்ரோசெகண்ட் ஆச்சோ, அதை ஒரு எண்ணால பெருக்கினா தூரம் சென்டிமீட்டர்ல வந்துடும். அந்த எண் வேற ஒண்ணும் இல்லை, ஒலியோட வேகத்துல பாதி. போக ஒரு தடவை, வர ஒரு தடவைன்னு ரெண்டு பயணம் இல்லையா, அதனால பாதி. வழக்கமா எல்லாரும் போடுறது 0.01715. எங்க கோடுல இருந்தது 0.0175.

கைடு சார் கண்ணுல கரெக்டா அதுதான் பட்டுச்சு. "எல்லாரும் 0.01715 போடுவாங்க. நீங்க ஏன்ப்பா 0.0175 போட்டிருக்கீங்க?"

மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். ப்ரசன்டேஷன்ல பேசவே மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்த பார்ட்னர், அன்னிக்குப் பார்த்து வாயைத் திறந்தான். "சார், அது டிகிரியை ரேடியனா மாத்துறதுக்கு..." பையை 180-ஆல வகுத்தா 0.01745 வரும். எங்க கெட்ட நேரம், பொய்கூடப் பொருத்தமா இருந்துச்சு! சார் அமைதியா கேட்டார்: "தண்ணித் தொட்டிக்கு எதுக்குப்பா ரேடியன்?" பின்னாடி பெஞ்சுல விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

மார்க் போனதுகூடப் பரவாயில்லை. ரெண்டு வாரத்துல அந்த எண்ணுக்குக் காரணம் சொல்லணும், இல்லைன்னா மூணு வாரம் வெயில்ல நின்னு எடுத்த ரீடிங் அத்தனையும் திரும்ப எடுக்கணும்னு சொல்லிட்டார். ஏப்ரல் மாசத்து மொட்டைமாடி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல தேடினது ஜுபிட்டர் நோட்புக்ல. உங்கள்ல பாதிப் பேர் இதைத் திறந்திருப்பீங்க. கோடு, அதுக்குக் கீழே விடை, கிராஃப், நடுவுல நம்ம விளக்கம்னு எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கும். இதோட பூர்வீகம் நம்மளை மாதிரி ஒரு மாணவர் கதை. ஃபெர்னாண்டோ பெரெஸ் அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல இயற்பியல் ஆராய்ச்சி மாணவரா இருந்தப்ப, தீசிஸ் முடிக்க வேண்டிய நேரத்துல முந்நூறு வரிகூட இல்லாத ஒரு ப்ரோக்ராம் எழுதி விளையாடிட்டிருந்தார். வருஷம் 2001. அந்த ஐபைதான் தான் வளர்ந்து 2014-ல ஜுபிட்டர் ஆச்சு. ஜூலியா, பைதான், ஆர்னு மூணு மொழிகளைச் சேர்த்த பேர் அது. கூடவே 1610-ல வியாழன் கிரகத்தோட நிலவுகளைப் பார்த்துப் பார்த்துக் குறிச்சு வெச்ச கலிலியோவோட நோட்டுப் புத்தகத்துக்கும் ஒரு வணக்கம். தீசிஸைத் தள்ளிப் போடுறதுல இப்படியும் ஒரு நல்லது நடக்குது. (வீட்ல இந்தப் பக்கத்தைக் காட்டாதீங்க!)

ஆனா ஜுபிட்டர்ல ஒரு பொறி இருக்கு, நாங்க நேரா போய் அதுல விழுந்தோம். இதுல கோடைத் துண்டு துண்டா, எந்த வரிசையில வேணும்னாலும் ஓட்டலாம். ஒரு துண்டை ஓட்டிட்டு அழிச்சிட்டாலும், அதுல வெச்ச மதிப்பு மெமரியில உட்கார்ந்திருக்கும். அன்னிக்கு எல்லாம் ஜம்முனு ஓடும். மறுநாள் சிஸ்டத்தை ஆன் பண்ணி ஓட்டினா, பல்பு! எங்க நோட்புக்ல 0.0175-ஐக் கணக்குப் போட்ட துண்டை யாரோ 'க்ளீன்' பண்ணியிருந்தாங்க. எண் மட்டும் அடுத்த துண்டுல அநாதையா நின்னுச்சு. யார் அந்த யாரோன்னு கேட்காதீங்க, நான்தான். பார்க்க அழகா இருக்கணும்னு பண்ணினேன்.

நாங்க மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக் குன்றிப் போயிருந்தப்ப ஒரு ஆறுதல் கிடைச்சது. 2019-ல வந்த ஒரு ஆய்வுல, கிட்ஹப்ல உலகம் பூரா உள்ளவங்க போட்டு வெச்ச லட்சக்கணக்கான நோட்புக்குகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாங்க. தப்பு இல்லாம கடைசிவரை ஓடினது சுமார் 24 சதவீதம். முன்னாடி வந்த அதே விடை வந்தது சுமார் 4 சதவீதம்தான். அதனால ராத்திரி மூடி வைக்கிறதுக்கு முன்னாடி, மெனுவுல கெர்னலை ரீஸ்டார்ட் பண்ணி முதல்லேருந்து எல்லாத்தையும் ஓட்டுற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு பாருங்க, அதை ஒரு தடவை அழுத்திட்டுத் தூங்குங்க.

அடுத்து தேடினது சொட்டேரோ. தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம். அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துல வரலாற்றுத் துறைக்காரங்க 2006-ல கொண்டு வந்த இலவச மென்பொருள். அல்பேனிய மொழியில 'கைவசமாக்கு'ங்கிற மாதிரி அர்த்தம் வர்ற ஒரு சொல்லிலிருந்து எடுத்த பேர். ப்ரவுசர்ல ஒரு பட்டனை அழுத்தினா பேப்பரோட தலைப்பு, எழுதினவங்க, வருஷம், ஜர்னல் எல்லாம் தானா வந்து உட்காரும். முடிஞ்சா பிடிஎஃப்பையும் சேர்த்து இழுத்துட்டு வரும். ரிப்போர்ட் டைப் பண்ணும்போது ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை அதுவே போடும். ஐஇஇஇ பாணியில வேணாம், ஏபிஏ பாணியில வேணும்னு கடைசி நேரத்துல சொன்னாலும் நாலு க்ளிக்ல மாறிடும். ராத்திரி முழுக்க கமாவும் ஃபுல்ஸ்டாப்பும் திருத்தின சீனியருங்ககிட்ட இதைக் காட்டினா கண்ல தண்ணி வந்துடும்.

என் சொட்டேரோவுல 214 பேப்பர் இருந்துச்சு. சென்சார், ஒலி, ஈரப்பதம்னு கலர் கலரா டேக் எல்லாம் போட்டு வெச்சிருந்தேன். படிச்சது? ஆறு. அந்த ஆறுலயும் நான் எழுதி வெச்ச குறிப்புன்னு பார்த்தா ஒரே ஒரு வரி: 'முக்கியம், அப்புறம் படி'. சேர்க்கிற ஒவ்வொரு க்ளிக்கும் படிச்ச மாதிரி ஒரு திருப்தி தருது பாருங்க, அதுதான் ஆபத்து. ஜெராக்ஸ் எடுத்ததுமே பாடம் மண்டையில ஏறிட்டதா நினைப்போமே, அதே வியாதி.

சாஃப்ட்வேர் மேல குத்தம் சொல்ல முடியாது. குறிப்பு எழுத, ஒரு பேப்பரை இன்னொண்ணோட முடிச்சுப் போட, எல்லாத்துக்கும் அதுல இடம் இருக்கு. காலியா விட்டது நான். அந்தக் காலியிடத்துல என்ன எழுதணும்னு தேடிப் போனப்பதான் நிக்லாஸ் லூமன் மாட்டினார்.

லூமன் ஜெர்மனியைச் சேர்ந்தவர், 1927-ல பிறந்து 1998-ல மறைஞ்ச சமூகவியல் பேராசிரியர். சட்டம் படிச்சு அரசாங்க உத்தியோகம் பார்த்த மனுஷன். அவர்கிட்ட கம்ப்யூட்டர் இல்லை, மரப்பெட்டிகள் இருந்தது. அதுக்குள்ள கையால எழுதின சுமார் 90,000 சின்னச் சின்னக் காகிதச் சீட்டு, நாற்பது வருஷத்து உழைப்பு. அவர் புத்தகத்துலேருந்து வரிகளை அப்படியே காப்பி அடிச்சு வைக்கலை. படிச்சதைத் தன் சொந்த வார்த்தையில எழுதினார். எழுதின சீட்டை எந்தத் தலைப்புக்குக் கீழே போடலாம்னு யோசிக்காம, ஏற்கெனவே இருக்கிற எந்தச் சீட்டுக்குப் பக்கத்துல இது உட்காரும்னு யோசிச்சார். ஒண்ணாம் சீட்டுலேருந்து ஒரு கிளை யோசனை வந்தா அது 1அ, அதுலேருந்து இன்னொண்ணு வந்தா 1அ1. இப்படி நடுவுல எத்தனை சீட்டு வேணும்னாலும் சொருகலாம். 1981-ல ஒரு கட்டுரையே எழுதியிருக்கார், அந்தப் பெட்டியோட தான் பேசுறதா!

பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்துல சேர்ந்தப்ப அவரோட ஆராய்ச்சித் திட்டம் என்னன்னு கேட்டாங்களாம். சமூகத்தைப் பத்தின கோட்பாடு, காலம் 30 வருஷம், செலவு ஒண்ணும் இல்லைன்னு பதில் சொன்னதா அவரே பதிவு பண்ணியிருக்கார். நம்ம ரிவ்யூ கமிட்டிகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்களேன்! அவர் சொன்னபடி 1997-ல அந்தப் பெரிய புத்தகத்தை முடிச்சுட்டு, மறுவருஷம் போய்ச் சேர்ந்தார். இன்னிக்கு அப்சிடியன் மாதிரி குறிப்புச் செயலிகள்ல ஒரு குறிப்பை இன்னொண்ணோட இணைச்சு இணைச்சு வலை பின்றாங்களே, அவங்கள்ல நிறையப் பேருக்கு இவர்தான் குரு.

ஆனா எங்க பிரச்னைக்கு லூமனைவிட நெருக்கமான ஆள் டொனால்டு நூத். ரிப்போர்ட் அடிக்க லேடெக் பயன்படுத்துவீங்களே, அதுக்கு அடியில ஓடுற டெக் மென்பொருளை எழுதினவர். 1978-லேருந்து அதுல கண்டுபிடிச்ச ஒவ்வொரு தப்பையும், செஞ்ச ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டே வந்திருக்கார். எழுதினதோட விடலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து போட்டு வகை பிரிச்சார். டைப் பண்ணும்போது விரல் வழுக்கினது ஒரு வகை. செய்ய நினைச்சு மறந்து போனது இன்னொரு வகை. தெரிஞ்சும் புத்தி மழுங்கிப் போய்ச் செஞ்சதுக்கு ஒரு தனி வகை. மொத்தம் 15. அந்தப் பட்டியலை, 800-க்கும் மேற்பட்ட பதிவுகளோட, 1989-ல கட்டுரையாவே வெளியிட்டுட்டார். உலகமே கொண்டாடுற மேதை தன் தப்பு லிஸ்ட்டை அச்சுல போடுறார். நான் ஒரு துண்டு கோடை அழிச்சு நோட்புக்கை அழகாக்குறேன். என்னத்தைச் சொல்ல...

இதுக்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் எதுவும் வேணாம்னு அப்பதான் உறைச்சது. அன்னிலேருந்து ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல் வெச்சிருக்கோம். தேதி, என்ன மாத்தினோம், ஏன் மாத்தினோம், இது தப்புன்னா எப்படித் தெரியும். இந்த நாலுதான். கடைசிக் கேள்விதான் மண்டை காய வைக்கும், ஆனா அதுலதான் சரக்கே இருக்கு. கிட் பயன்படுத்துறவங்க ஒவ்வொரு கமிட்லயும் இதை எழுதலாம். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமாவே ஃபைனல்'னு எழுதுறதை நிறுத்தினா போதும். ஏஐகிட்ட கேட்டா 214 பேப்பரையும் சுருக்கித் தரும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு நாம ஏன் ஒரு எண்ணை மாத்தினோம்னு அதுக்கு எப்படித் தெரியும், நாமளே எழுதி வைக்கலைன்னா?

சரி, 0.0175 கிடைச்சுதா? கிடைச்சது, பன்னிரண்டாவது நாள். எங்கே தெரியுமா? எங்க வாட்ஸப் குரூப்ல, ஒரு பர்த்டே கேக் போட்டோவுக்கும் மெஸ் சாம்பாரைத் திட்டின மீமுக்கும் நடுவுல, 40 செகண்ட் வாய்ஸ் மெசேஜ். ரேடியன் சொன்ன அதே மகராசன்தான் பேசுறான்: "மச்சி, 0.01715 இருபது டிகிரிக்குத்தான்டா. இங்க முப்பது டிகிரி. ஒரு டிகிரிக்கு செகண்டுக்கு 0.6 மீட்டர் வேகம் ஏறுது. கணக்குப் போட்டா 349.5 வருது, நான் 0.0175ன்னு மாத்திட்டேன், ஓகேவா?" அதுக்குக் கீழே என் பதில், ஒரு கட்டைவிரல்.

எண் சரியா இருந்திருக்கு! போட்டவனுக்கே ஏன் போட்டோம்னு மறந்து போனதுதான் எங்க பிரச்னை. அது சரிங்கிறதை ரிவ்யூ அன்னிக்கு எங்களால சொல்ல முடியலை, சொல்ல முடியாத எண்ணுக்கு யார் மார்க் தருவா?

ரெண்டாவது ரிவ்யூ. வெப்பநிலைக் கணக்கை போர்டுல எழுதிக் காட்டினோம். சார் தலையாட்டினார். ரீடிங் எடுக்க வேண்டாம், தப்பிச்சோம்னு நாங்க லேப்டாப்பை மூடப் போறப்ப இன்னொரு கேள்வி. "முப்பது டிகிரி வெளியில. மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தக் கறுப்பு டேங்குக்குள்ள எவ்வளவு இருக்கும்?"

நாற்பத்தஞ்சுன்னு வெச்சுக்கிட்டா எண் 0.0179. ஒரு மீட்டர் தூரத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர் தப்பு வரும். இந்தத் தடவை யாரும் ரேடியன் சொல்லலை. "பார்த்துச் சொல்றோம் சார்"னு சொல்லிட்டு, அங்கேயே ஃபைலைத் திறந்து தேதி போட்டு எழுதினோம். நாளைக்கு மத்தியானம் தெர்மாமீட்டரைக் கயிறுல கட்டி டேங்குக்குள்ள விடணும். குடை மறக்கக் கூடாது.