கணக்கெடுக்க வரும் மாணவர்களைத் தடுக்க வேண்டாம்



எங்கள் ஊர்க் கடைவீதிக்கு நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் அளவு நாடாவும் அட்டையும் காகிதமுமாக வந்து, சாலைப் பாதுகாப்பு பற்றிக் கணக்கெடுத்தார்கள். சாலையின் அகலம், மூடி இல்லாத சாக்கடை, எரியாத விளக்கு, அழிந்துபோன வெள்ளைக்கோடு, ஓரத்தில் இடமில்லாமல் எத்தனை பேர் நடுச்சாலைக்கு இறங்கி நடக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். நம்மவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "இன்றைக்குப் பிள்ளைகள் நாடா பிடிப்பார்கள், நாளைக்கு நகராட்சி பொக்லைனோடு வரும்" என்கிறார்கள். இனி இப்படி வருகிறவர்களுக்கு ஒத்துழைப்பதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போடவும் சொல்கிறார்கள். அந்தத் தீர்மானம் கூடாது என்பது என் கருத்து.

அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வந்தால் முதலில் உடைவது நம் கடைப்படியும் தகரமும்தான். பள்ளம் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் என் கடை வாசலில் ஒரு மாணவி, "ஐயா, இந்த மூட்டைகள் எத்தனை மணி வரைக்கும் வெளியில் இருக்கும்?" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காலை எட்டு மணிக்கு இறங்கும் பருப்பு மூட்டை உள்ளே போக மதியம் ஆகிவிடும். உள்ளதைச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். அறிவுரை ஏதும் சொல்லவில்லை.

அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், பக்கத்து மளிகைக் கடைக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, ஓரமாக நடக்க வழியில்லாமல் சாலையில் இறங்கினார். பின்னால் வந்த குட்டியானை வண்டி தட்டி அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வழக்கு வண்டிக்காரர் மேல். ஆனால் அன்று வழியை அடைத்துக்கொண்டு இறங்கியது என் சரக்கு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அந்த அம்மாவின் மகன்தான் வந்து சாமான் வாங்கிப் போகிறார்.

2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலமே முதலிடம், 64,105 விபத்துகள். நம்மிடம் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நடந்துதானே வருகிறார்கள்!

இதில் நமக்கு உதவும் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலையை வடிவமைப்பவர், போடுபவர், பராமரிப்பவர் உரிய பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நீதிமன்றம் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, சாலை ஆபத்தான நிலையில் இருப்பது பொறுப்பானவர்களுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா என்பது. அலுவலகத்துக்குப் போய்ப் பத்து முறை வாயால் சொன்னோம் என்றால் அங்கே எடுபடாது. எழுத்தில் இல்லாத பாக்கியின் கதி நமக்குத் தெரியாததா? மாணவர்கள் தேதி போட்டு, இடம் குறித்து, படம் எடுத்து எழுதிய அறிக்கையைச் சங்கக் கடிதத்தோடு நகராட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டால், பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

அந்த அறிக்கையில் நம் மூட்டைகளும் தட்டி போர்டுகளும் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுக்க முடியாது. எனவே சரக்கு இறக்குவதை இரவு ஒன்பதுக்கு மேலோ காலை ஏழுக்கு முன்போ வைத்துக்கொள்ள வேண்டும். லோடுமேன்களுக்கு இரவுக் கூலி கூடுதலாகும், லாரி ஆபீஸ்காரர்கள் முணுமுணுப்பார்கள். நான் தை மாதம் முதல் வாரத்தில் இரண்டு லோடு இரவில் இறக்குகிறேன். அதில் ஆகும் செலவை இன்னும் விலையில் ஏற்றவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்றும் தெரியாது. ஒருவர் மட்டும் செய்தால் நஷ்டம். வீதி முழுவதும் செய்தால் கூலியையும் நேரத்தையும் சங்கமே பேசி முடிக்கலாம்.

வரும் செயற்குழுவுக்கு நான் ஒரு மாற்றுத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லூரியிடம் அறிக்கையின் நகலை முறைப்படி கேட்டு வாங்க வேண்டும், சரக்கு இறக்கும் நேரத்தைச் சங்கமே நிர்ணயிக்க வேண்டும் என்ற இரண்டே விஷயங்கள்தான் அதில் உள்ளன. உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டுகிறேன்.

மறுபடியும் அந்தப் பிள்ளைகள் வந்தால் நிழலில் ஒரு பெஞ்சு போடுங்கள். அன்றைக்கு மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க எனக்கே தோன்றவில்லை.