முத்திரையில்லாத எடைக்கல்!

அரிசியில் அரைப்படி குறைந்தால் ஆத்திரம் பொங்குகிறது. எண்ணெயில் ஒரு கரண்டி குறைந்தால் ஏனென்று கேட்கிறோம். கேட்க முடிகிறது, ஏனெனில் எடைக்கல்லின்மீது அரசாங்க முத்திரை இருக்கிறது. மாதந்தோறும் உழைத்த காசைக் கொட்டி வாங்குகிறோமே இணைய வேகம், அதை எடைபோடுபவர் யார்?

"நொடிக்கு 40 மெகாபிட் வரை!" என்று முழங்குகிறது விளம்பரம். 'வரை'! இந்த இரண்டெழுத்துத்தான், தோழர்களே, வியாபாரியின் கேடயம். 4 வந்தாலும் 40 வரைக்குள்தானே! வாய்தா வாங்கும் வக்கீலுக்கும் வராத சாமர்த்தியம்!

பிரிட்டனில், பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே அந்த வேகத்தை விளம்பரப்படுத்தலாம் என்றிருந்தது. 2018 மே மாதத்தில் அது மாறியது. இரவு 8 முதல் 10 வரை, நெரிசல் நேரத்தில், பாதிப் பேருக்காவது கிடைப்பதையே சொல்லவேண்டும் என்றாக்கினர். ஜெர்மனி இன்னும் ஒருபடி மேலே போயிற்று. 2021 டிசம்பர் முதல், அரசாங்கம் தந்த கருவியால் 3 நாட்களில் 30 முறை அளந்து குறையை மெய்ப்பித்தால், கட்டணத்தைக் குறைக்கலாம், ஒப்பந்தத்தையே முறிக்கலாம்!

இங்கே? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் 'மைஸ்பீட்' செயலியைத் தந்தது. அளந்த கணக்கு ஆணையத்துக்குப் போகிறது. நல்லதே! கட்டணத்தைக் குறைக்கும் உரிமையையும் அந்தக் கணக்கோடு சேர்த்துக் கொடு என்று கேட்டால் குற்றமா? நொடிக்கு 2 மெகாபிட் இருந்தாலே 'பிராட்பேண்ட்' என்று 2023-இல் இலக்கணம் வகுத்தார்கள். அதற்கு முன்பு 512 கிலோபிட்டுக்கே அந்தப் பட்டம்!

கருவியிலும் கவனம் வேண்டும். 'ஸ்பீட்டெஸ்ட்' அருகிலுள்ள கணிப்பொறியோடு பேசி அளக்கிறது. பலவேளை அது இணைய நிறுவனமே வைத்திருக்கும் கணிப்பொறி. கடைக்காரன் தராசில் கடைக்காரன் சரக்கு! நெட்பிளிக்ஸ் 2016-இல் தந்த 'ஃபாஸ்ட்' தன் சொந்தக் கணிப்பொறிகளிலிருந்து அளக்கிறது. இரண்டிலும் பாருங்கள். காட்டுவது பிட் கணக்கு. கோப்பு இறங்குவதோ பைட் கணக்கு. 8 பிட்டுக்கு 1 பைட். 40 வந்தாலும் கோப்புக்கு 5தான். இதில் ஏமாற்று இல்லை.

கம்பியை நேரே கணிப்பொறியில் செருகி அளவெடுங்கள். வைஃபை சுவரைத் தாண்டும்போதே இளைத்துவிடும். அந்தப் பழியை நிறுவனத்தின் தலையில் கட்டக்கூடாது. வீட்டாரைச் சற்றே படத்தை நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை. தேதியோடு நோட்டில் குறியுங்கள். புகார் எழுதும்போது அந்தப் பக்கத்தையும் இணையுங்கள்.